நடுக்கொக்கி

படமெடுக்க எனக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதில் கண் கூசாத வெளிச்சம் வருவது நாலிலிருந்து நாலே முக்கால் வரை. அதற்காகக் காலையிலேயே கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தி, சாம்பல் நிறப் போர்வையை இஸ்திரி போட்டுப் பின்னால் தொங்கவிட்டேன். ஜன்னலில் வெள்ளைத்தாள் ஒட்டினேன். நான் நிற்கவேண்டிய இடத்துக்குத் தரையில் டேப். அங்கே எனக்குப் பதிலாகத் தரை துடைக்கும் மாப், என் வேஷத்துக்கான ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. கேமராவை அதன்மேல் ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, அதை நகர்த்தி நான் போய் நிற்பேன். மாப் கண் சிமிட்டாது, பசிக்கிறது என்று முனகாது. என் தங்கையைவிட நல்ல மாடல்.

இப்படிச் சொல்லக்கூடாதுதான். வாய் சும்மா இருப்பதில்லை.

தங்கையை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருடம் இருவரும் ஜோடியாக வேஷம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். கோட்டைக் காவல்காரிகள் இரண்டு பேர், கதை எங்களுடையது. என் கவசத்தை அவள் மாட்டுவாள், அவளுடையதை நான். போன வருடம் வேலையில் சேர்ந்து வேறு ஊருக்குப் போகும்போது, "இன்னும் எத்தனை நாளைக்குக்கா இந்த விளையாட்டு? ஆள விடு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "நீ இல்லன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. எனக்கும் ரெண்டு கை இருக்கு" என்றேன். எட்டு மாதமாகப் பேச்சு இல்லை.

இந்தப் படம் அவள் பார்ப்பதற்காகத்தான். தனியாகவே முடியும் என்று காட்டவேண்டும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தையாவது பேசமாட்டாளா?

மூன்று வாரம் ஃபோம் மேட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, வெள்ளி பெயிண்ட் அடித்து மார்புக் கவசம் செய்தேன். நாலு மணிக்கு எடுத்து மாட்டும்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். பழைய அளவுத்தாளை வைத்தே வெட்டியிருக்கிறேன். மூன்று கொக்கியும் முதுகில். இரண்டு பேர் இருந்த காலத்துத் தாள் அது.

கையை மேல்வழியாகக் கொண்டுபோனேன், கீழ்வழியாகக் கொண்டுபோனேன். சுவரில் முதுகை அழுத்திப் பார்த்ததில் சுவருக்குத்தான் வெள்ளி பூசினேன். கீழ்வீட்டு அம்மாவைக் கேட்கலாமென்று கதவுவரை போனேன். இரண்டு வருடத்தில் அவரிடம் நான் பேசியதெல்லாம் "தண்ணி வருதா?" மட்டும்தான். ஹெல்மெட்டும் வாளுமாகப் போய் முதுகைக் காட்ட வெட்கமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

நாலரை. துணி காயப்போடும் க்ளிப்புகளை எடுத்துக் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று மாட்டினேன். நடுவில் எட்டவில்லை. முன்னால் இருந்துதானே எடுக்கப் போகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது? மூச்சை அடக்கிக்கொண்டு, கையுறைக்குள் ஒளித்த ரிமோட்டை அழுத்தினேன். நாற்பது படத்தில் ஒன்று தேறியது. வாள் மின்னியது. முகத்தில் என்ன திமிர்! "தனியா எடுத்தேன்" என்று எழுதி வாலுவுக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"சூப்பர். ஆனா இடது தோள் தூக்கிட்டு நிக்குதே. நடுக்கொக்கி போடலியா?"

படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு விரற்கடை தூக்கித்தான் இருந்தது. வேறு யார் பார்த்தாலும் தெரியாது. ஆறு வருடம் அந்தக் கொக்கியைப் போட்டவளுக்குத் தெரிந்தது.

"போட்டேனே" என்று தட்டினேன். அழித்தேன். "டிசைனே அப்படித்தான்" என்று தட்டினேன். அதையும் அழித்தேன். ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. கட்டிலை யார் இறக்குவது என்ற நினைப்பில் அழுகை வந்துவிட்டது. கவசத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுதினேன்: "கை எட்டல, வாலு."