எட்டாவது கண்ணாடி

எங்கள் தெருவின் சுவர் நகர்கிறதாம். நூற்று முப்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கும் சுவர், அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி வந்த வருஷமாகப் பார்த்து நடக்கக் கிளம்பிவிட்டதாம். நகராட்சிக்காரர்கள் இப்படி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, என் கடைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து அன்றுதான் திரும்பியிருந்தேன். வந்த ஆத்திரத்துக்கு அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். அதிலிருந்த ஓர் எண்தான் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

இடம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். பழைய பீர் ஆலை. பீர் காய்ச்சுவதை நிறுத்தி ஐம்பது வருஷம் ஆகிறது. அந்தக் காலத்துத் தொழிலாளிகளுக்குக் கட்டிய நாற்பது வீடுகள் இரண்டு பக்கமும் ஆலையின் சுவரையே தங்கள் பின்சுவராக வைத்து நிற்கின்றன. ஆலையை இடித்தால் நாற்பதும் முதுகில்லாமல் போய்விடும். அது கம்பெனிக்கும் நன்றாகத் தெரியும். என் கண்ணாடிக் கடை ஒரு காலத்தில் பீப்பாய் கழுவிய கூடம். தண்ணீர் ஓடுவதற்காகத் தரை இன்றும் நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். கண்ணாடி வெட்டும் மேசையின் இரண்டு கால்களுக்குக் கீழே அப்பா வைத்த மரக்கட்டை அப்படியே இருக்கிறது. மாடியில் நானும், தம்பியும் அவன் மனைவியும் குடியிருக்கிறோம்.

ஆலையையும் தெருவையும் பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தெருவே மனுப் போட்டது. நகராட்சி ஒரு நிபந்தனை வைத்தது. ஆலைச் சுவரில் ஏழு விரிசல்கள் உண்டு. அவை பழையவையா, இன்னும் வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டரால் ஒட்டி, தேதி எழுதிவிடுவார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மூன்று மாதம் உடையாமல் இருந்தால் பட்டியலில் இடம் என்றார்கள்.

நகராட்சி இன்ஜினியர் அந்தத் துண்டுகளை என்னிடம்தான் வாங்கினார். கைதவறி ஒன்று போனாலும் போகட்டும் என்று எட்டாக வெட்டிக் கொடுத்தேன். ஏழும் பத்திரமாகச் சுவரேறின. அவர் கிளம்பிய பிறகு ஒரு துண்டும், தட்டில் ஒரு கரண்டி பிளாஸ்டரும் மிச்சம் கிடந்தன. வீணாக்க மனம் வரவில்லை. கடைக்குள்ளே, மேசைக்கு மேலே, விரிசலே இல்லாத சுவரில் ஒட்டி, அவரைப் போலவே தேதியும் எழுதி வைத்தேன். இது எதற்கு என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி கேட்டாள். நான் நகர்கிறேனா என்று பார்க்கத்தான் என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தம்பி அன்று ஜன்னல் மாட்டும் வேலைக்காக வெளியே போயிருந்தான்.

நோட்டீஸில் இருந்த எண் அந்த எட்டுதான். எட்டுக் கண்ணாடிகளும் உடைந்துவிட்டன, எட்டு இடங்களிலும் சுவர் நகர்வது உறுதி, முப்பது நாளில் எல்லோரும் காலி செய்ய வேண்டும், ஆட்சேபணை இருந்தால் விசாரணையில் சொல்லலாம். விசாரணை மறுநாளே இருந்தது.

கதவைத் திறந்தேன். மேசைக்கு மேலே என் துண்டு நட்டநடுவில் இரண்டாகியிருந்தது. உளி வைத்துப் பிளாஸ்டரோடு பெயர்த்து எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டினேன். முப்பது வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிற விரல் இது. இழுபட்டு உடைந்த கண்ணாடிக்கு ஒரு விளிம்பு, கட்டரின் சக்கரம் ஓடி உடைந்த கண்ணாடிக்கு வேறு விளிம்பு. இதில் சக்கரம் ஓடியிருந்தது. சக்கரம் வழுக்கி ஓடத் தொட்டுக்கொள்ளும் மண்ணெண்ணெயின் பிசுக்கு கூட மிச்சமிருந்தது. அந்தக் கோடு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

என் தம்பியின் கோடு எப்போதும் இடப்பக்கம்தான் சாயும். தெருவில் அவனுக்குப் பெயரே கோணல். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ மேசையைச் சொல்லாதே' என்று நானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

மாடிக்குப் போய்த் துண்டுகளை அவன் முன்னால் வைத்தேன். மறுக்கவில்லை. முதலில் காலி செய்கிறவர்களுக்கு ஐந்தாம் மாடியில் வீடு என்று கம்பெனிக்காரன் ஆசை காட்டியிருக்கிறான். தேதி எழுதிய கண்ணாடியெல்லாம் உடைய வேண்டும், சுத்தியல் பட்ட மாதிரி தெரியக் கூடாது, படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றானாம். இன்ஜினியர் தெருப்பக்கமே வரவில்லை. படத்தைப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டார். தான் ஒட்டியது ஏழு என்பது கூடவா ஒரு மனிதனுக்கு மறந்து போகும்?

"மழைக்காலம் முழுக்க சுவர் வேர்க்குதுக்கா. அவ மூச்சு விட முடியாம உக்காந்தே தூங்குறா. உனக்கு ஆலைதான் பெருசு," என்றான்.

அவன் மனைவிக்கு இளைப்பு என்பது உண்மை. சுவர் ஈரம் என்பதும் உண்மை. என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஈரமில்லாத என் அறையைக் கொடுத்துவிட்டு நான் கடையில் படுத்திருப்பேன். ஒருத்திக்கு மூச்சு வர, நாற்பது வீட்டின் மூச்சையா நிறுத்துவது? நாளை விசாரணையில் எல்லார் முன்னாலும் உன் பேரைச் சொல்லத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

விசாரணை நகராட்சிக் கூடத்தில், ஓர் அதிகாரியின் முன்னால் நடந்தது. தெருவே வந்திருந்தது, கம்பெனிக்காரனும் வந்திருந்தான். தம்பி கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். இன்ஜினியர் அறிக்கையை வாசித்து முடித்ததும் நான் எழுந்து, அந்த எட்டாவது விரிசலை எனக்குக் காட்டுங்கள் என்றேன். அவர் வரைபடத்தைப் புரட்டினார். ஏழுதான் இருந்தது. மறுபடி புரட்டினார். எட்டாவது கண்ணாடி என் கடைச் சுவரில் நானே விளையாட்டாக ஒட்டியது, அங்கே மயிரிழை அளவு விரிசல் கூட இல்லை என்றேன். தெருக்காரர்கள் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "எழுத்துப் பிழையா இருக்கும்மா. எட்டை ஏழுன்னு திருத்திக்கலாம்," என்றார்.

அவ்வளவுதான். நாற்பது குடும்பங்களின் கூரையை ஒரு பேனாக் கீற்றில் சரிசெய்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். துண்டுகளை அவர் மேசையில் வைத்தேன்.

"இது உடைஞ்சது இல்ல, வெட்டினது. விரலை வச்சுப் பாருங்க. மத்த ஏழும் இப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்க."

இன்ஜினியர் விரலை வைத்தார். அவர் முகம் மாறியது. ஆனால் அதிகாரி என்னைப் பார்த்து, "அந்தத் தெருவுல கண்ணாடி வெட்டத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார்.

ரெண்டு பேர் என்றேன்.

"நீங்களே வெட்டி எடுத்துட்டு வந்து எங்க மேல பழி போடுறீங்கன்னு நான் சொன்னா?"

வரும் வழியெல்லாம் அவன் பேரை நாக்கின் நுனியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அது எழும்பவே மாட்டேன் என்றது. அவ்வளவு கோபத்துக்கும் அடியில் அவன் என் தம்பியாகவே இருந்தான். கூடமே என்னைப் பார்த்தது. திருடியைப் பார்ப்பதுபோல் கம்பெனிக்காரனும் பார்த்தான்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அக்கா வெட்டினா கோடு நேரா இருக்கும் சார். அது கோணலா இருக்கு. நான் வெட்டினது," என்றான் தம்பி. யார் வெட்டச் சொன்னது என்பதையும் சேர்த்தே சொன்னான். அதற்குள் கம்பெனிக்காரன் வாசலைத் தாண்டியிருந்தான்.

அறிக்கை ரத்தானது. மூன்று மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டுமாம். யாரும் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பி மேல் புகார் எழுதினார்கள். படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் மேல் எதையும் எழுதவில்லை.

மறுநாள் அந்தக் கையெழுத்துக்காரரே கடைக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி, ஏழு துண்டு வேண்டும் என்றார். தம்பியின் மனைவி என் அறைக்குக் குடிவந்திருந்தாள். அவனோடு நான் இன்னும் பேசவில்லை. கட்டரை மட்டும் அவன் பக்கம் தள்ளி வைத்தேன். அவன் அடிமட்டத்தை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கோடு போட்டான்.

"எட்டு," என்றேன்.

"ஏழுதானேம்மா விரிசல்?"

"எட்டாவது சுவருக்கு இல்ல. நீங்க எண்ணுறீங்களான்னு பார்க்க."