‘அ’ போட்ட முட்டை

சூசைநாதன் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளன்று அவரவர் முட்டையை அவரவர் உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை ஒரு வருஷம் கேட்டு நடக்க வேண்டும். வேதத்தில் இப்படி எதுவும் இல்லை, எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. அவர் மனைவி சவரியம்மாள் கல்யாணத்துக்கு முன் புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தபோது முட்டைக்குச் சாயம் போடக் கற்றுக்கொண்டாள். உள்ளே சீட்டு வைப்பது அவளாகச் சேர்த்த சரக்கு. புருஷனை நேரில் திருத்த முடியாதவள் வேறு என்னதான் செய்வாள்?

ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் சூசைநாதன் மீறமாட்டார். கடலூர் முதுநகர் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. போன வருஷச் சீட்டில், ‘மூக்குப்பொடி போடக்கூடாது’ என்று வந்தது. இருபது வருஷப் பழக்கம். ஒரு மாதம் கண்ணில் நீர் வழிய, பார்க்கிறவரிடமெல்லாம் எரிந்து விழுந்தார். பொடி டப்பாவை மட்டும் தொடவில்லை.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் அவர் மகள் மதலேன் சனிக்கிழமை பகல் முழுக்க முட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இருபத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு ஆர்டர் வந்து பெட்டியில் கிடக்கிறது. மே மாதம் இரண்டாம் தேதி மெட்ராசில் டிரெயினிங்கில் சேர வேண்டும். ‘சும்மா எழுதிப் பாக்கட்டும்’ என்று அப்பா பரீட்சைக்கு விட்டார்; தேறிவிடுவாள் என்று அவர் நினைக்கவே இல்லை. அதற்குள் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விருந்துக்கு வருகிறார்கள். மனம் ஒத்தால் அன்றே வெற்றிலை பாக்கு மாற்றுவது, வைகாசியில் கல்யாணம். மருமகள் வேலைக்குப் போகும் வழக்கம் தங்கள் வீட்டில் கிடையாது என்று மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். வெற்றிலை கை மாறினால் வேலை போயிற்று.

மூன்று தடவை அப்பாவிடம் சொல்லப் போனாள். மூன்று தடவையும், “தண்ணி வேணுமாப்பா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஊரார் பேச்சையெல்லாம் ஒயர் போட்டு இணைக்கப் போகிறவளுக்கு, சொந்த அப்பாவிடம் ஒரு பேச்சுப் பேச வாய் வரவில்லை. முட்டை இடுகிற கோழிக்குத்தானே வலி தெரியும்.

பாஸ்குவுக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் அந்த வீட்டில் முட்டை கிடையாது. கடைசி வாரத்தில் பக்கத்து வீட்டு ஆசியா உம்மாளின் கோழிகள் இடுவதெல்லாம் இங்கே வந்துவிடும். ஊசியால் இரண்டு பக்கமும் துளை போட்டு, ஊதி, உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் இறக்கிவிட வேண்டும், அது கேக்குக்கு. வெறும் ஓட்டைக் கழுவிக் காயவைத்து, உருகிய மெழுகைத் தீக்குச்சியால் தொட்டு ஆளுக்கொரு எழுத்து எழுத வேண்டும். பிறகு வெங்காயச் சருகையோ பீட்ரூட்டையோ கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் போட்டால், மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. எழுத்து வெள்ளையாக நிற்கும். கடைசியில் ஒரு துளையைப் பெரிதாக்கி, சுருட்டிய சீட்டும் நாலு சீரக மிட்டாயும் உள்ளே தள்ளி, கலர் காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டிவிட வேண்டியதுதான்.

அப்பாவின் முட்டையில் மதலேன் ‘அ’ என்று எழுதினாள். உள்ளே வைத்த சீட்டில்: ‘மதலேன் மே இரண்டாம் தேதி வேலையில் சேர வேண்டும். இந்தக் கல்யாணம் வேண்டாம்.’ பசை காய்வதற்குள் இரண்டு முறை பிரித்துப் படித்துப் பார்த்தாள்.

வழக்கமாகக் காலைக் காப்பியோடு முட்டை உடைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருமுன் அப்பா படித்துவிடுவார், குதிப்பார், பிறகு சட்டத்துக்குக் கட்டுப்படுவார் என்பது அவள் கணக்கு. அந்த அறுபத்து மூன்றாம் வருஷம் சித்திரை ஒன்றும் பாஸ்குவும் ஒரே நாளில் வந்தன. ‘ரெட்டைத் திருநாளாச்சே’ என்று சூசைநாதனுக்கு ஒரே உற்சாகம். விருந்தாளிகள் வரட்டும், எல்லோரும் சேர்ந்து உடைக்கலாம் என்று கூடையைப் பீரோமேல் ஏற்றி வைத்துவிட்டார்.

மதலேனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்கும் ஏழெட்டுத் தடவை நடந்தாள். நாற்காலி போட்டு ஏறலாமென்றால், அப்பா அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் உரக்கப் படிக்கிறவர் இல்லை, படித்துப் பையில் போட்டுக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேக்குக்குச் சர்க்கரை போட்டோமா என்று இரண்டு தடவை நக்கிப் பார்த்தாள்.

பத்து மணி வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை ராயப்பன், சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவன் அம்மா ஞானப்பூ. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே தாலியறுத்தவள், இட்லி சுட்டு விற்று அவனைப் படிக்க வைத்தவள். கூட அவன் தாய்மாமன் சின்னப்பன். ஞானப்பூ ஒரு தூக்கு நிறைய கத்தரிக்காய் கொத்சு கொண்டுவந்திருந்தாள். ராயப்பனிடம் ஏதாவது கோணல் இருக்காதா என்று மதலேன் கதவிடுக்கு வழியாகத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சவரியம்மாள் கூடையை இறக்கி, சட்டத்தை விளக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். எட்டிப் பார்த்த மதலேனுக்குப் பகீரென்றது. கூடையில் இரண்டு ‘அ’ இருந்தன. இரண்டும் ஒரே வெங்காயச் சிவப்பு.

அம்மாவின் முழங்கையைப் பிடித்து, இதென்ன இரண்டு என்று கிசுகிசுத்தாள்.

“ஒண்ணு அப்பாவுக்கு. ஒண்ணு அத்தைக்கு, நேத்து நான்தான் சேத்தேன்,” என்றாள் சவரியம்மாள் பூரிப்போடு. “இனிமே அவுங்க உனக்கு அத்தைதானே.”

சொல்லிக்கொண்டே கைக்கு வந்ததை இருவருக்கும் எடுத்து நீட்டினாள். சூசைநாதன் தன் முட்டையை உடைத்தார். ‘எல்லா நலமும் பெறுக’ என்றிருந்தது. இந்த வருஷம் எதையும் விட வேண்டியதில்லை என்று அவருக்கு முகமெல்லாம் பல். ஞானப்பூ தன்னுடையதை உள்ளங்கையில் வைத்துச் சின்னப்பிள்ளைபோல் அமுக்கினாள். மிட்டாய் சிதறியது. சீட்டைப் பிரித்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு மகனிடம் நீட்டினாள்.

“நீ படிடா ராயப்பா. எனக்கு எங்க தெரியுது?”

ராயப்பன் பார்த்தான். அவன் கண் சீட்டின்மேல் இரண்டு முறை போய் வந்தது. கேக் தட்டோடு நின்ற மதலேன் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

“மனசுல ஒரு கொறையும் இல்லாம நூறு வருஷம் இருக்கணும்,” என்று படித்தான். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஞானப்பூவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை, “ஒரு கவலையும் இல்லாம நூறு வருஷம்” என்று சொன்னான். மாறியதை யாரும் கவனிக்கவில்லை, மதலேனைத் தவிர.

சாப்பாடு முடிந்து சின்னப்பன் வெற்றிலைத் தட்டை நடுக்கூடத்தில் வைத்தபோது, ராயப்பன் எழுந்து நின்றான். “மாமா, பொறுங்க. எனக்கு இப்பக் கல்யாணத்துல இஷ்டமில்ல.” எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. மதலேன் பக்கம் திரும்பவும் இல்லை. ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டாள், சவரியம்மாளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. இரண்டு மணி வண்டிக்கு மூவரும் போய்விட்டார்கள்.

மதலேனுக்கு இனி என்ன வேண்டும்? வேலை காப்பாற்றப்பட்டது, பழி அவள்மேல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பாத்திரம் துலக்கினாள். துலக்கியதையே மறுபடியும் துலக்கினாள்.

கூடத்தில் சூசைநாதன் கொதித்துக்கொண்டிருந்தார். சோற்றைத் தின்றுவிட்டு அவமானப்படுத்திவிட்டான், அவனுக்கு எங்கேயோ ஒரு தொடுப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் இப்படிச் செய்வானா என்றார். சவரியம்மாள் மூக்கைச் சிந்தினாள். கடைசியில் அவர் மகளைக் கூப்பிட்டுக் காகிதத்தையும் பேனாவையும் முன்னால் போட்டார். சிதம்பரம் பங்குச் சாமியாருக்கு ஒரு கடுதாசி. அவள் கையெழுத்துத்தான் திருத்தமாக இருக்கும்.

“எழுது. மேற்படி ராயப்பன் நடத்தை கெட்டவர். எந்தக் கிறிஸ்தவக் குடும்பமும் அவருக்குப் பெண் கொடுக்க…”

‘மேற்படி ராயப்பன்’ வரைக்கும் எழுதினாள். பேனா அதற்குமேல் நகரவில்லை. கூசியது. தனக்காக வாயை மூடிக்கொண்டு போனவனைத் தன் கையாலேயே கொல்வதா?

“அவரு மேல தப்பில்லப்பா,” என்றாள். “அந்தச் சீட்டு உங்களுக்காக நான் எழுதுனது. முட்டை மாறிப் போச்சு. அவரு மாத்திப் படிச்சாரு.”

என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டார். நாலாவது தடவை வாய் வந்தது. ஒன்றுவிடாமல் சொன்னாள். சவரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சூசைநாதன் பாதியில் நின்ற காகிதத்தை எடுத்துக் கிழித்தார். அடிப்பார் என்றுதான் மதலேன் நினைத்தாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

“கெளம்பு. அந்தப் பொம்பள தலையில அடிச்சிக்கிட்டுப் போனா. நாமதான் போய்ச் சொல்லணும்.”

அடுத்த வண்டி சாயங்காலம்தான். பஸ் பிடித்தார்கள். வருஷப் பிறப்புக் கூட்டம், நிற்கத்தான் இடம். ஆலப்பாக்கம் வரை அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி நின்றார். என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் மதலேன் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். புதுச்சத்திரம் தாண்டியபின் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“ரெண்டாந்தேதி காலையிலேயே அங்க இருக்கணுமா?”

“ஆமாப்பா.”

“அப்ப மொத நாள் ராத்திரி வண்டிக்கே போவணும்.”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை. இன்னொரு வீடு பாக்கி இருந்தது.

சிதம்பரம் ரயிலடிக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஞானப்பூ திருநாள் புடவையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். வாசலில் இவர்களைக் கண்டதும் ராயப்பன் வேகமாக எழுந்தான். வேண்டாம் என்பதுபோல் மதலேனைப் பார்த்துத் தலையசைத்தான். சூசைநாதன் தொண்டையைக் கனைத்துவிட்டு மகளைப் பார்த்தார். மதலேன்தான் சொன்னாள். முட்டை, எழுத்து, சீட்டு எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

ஞானப்பூ அவளைத் திட்டவில்லை. மகனிடம் கையை நீட்டினாள். “குடுடா.”

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதை மதலேனிடம் கொடுத்தாள்.

“எழுதுனவ நீதான? ஒரு எழுத்து மாத்தாமப் படி.”

மதலேன் படித்தாள். இரண்டே வரி. படித்து முடிக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

“இவ்ளோதானா?” என்றாள் ஞானப்பூ. மூவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். கடைசியில் கண் மகன்மேல் நின்றது. “இதுக்காடா எல்லார் எதுருலயும் என்ன மடச்சி ஆக்குன? நூறு வருஷம் நூறு வருஷம்னு ரெண்டு தடவ படிக்கச் சொல்லிச் சிரிச்சேனேடா. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. சொன்னாக் கேட்டுக்கக்கூடவா தெரியாது?”

மதலேன் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஞானப்பூ எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்குக் காப்பி போட உள்ளே போனாள்.