மஹத வயர்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹெலன்வத்தைத் தோட்டச் சந்தியைத் தாண்டிய ஐந்தரை பஸ்ஸில் இருந்த முப்பத்தொரு பேரின் இடது பாதி கேகாலைக்கும் வலது பாதி ருவான்வெல்லைக்கும் போய்ச் சேர்ந்தன. பஸ்ஸுக்குச் சேதமில்லை. பின்னேரம் திரும்பி வந்து சந்தியில் இறங்கியதும் பாதிகள் ஒட்டிக்கொண்டன, தழும்புகூட இல்லை. புஷ்பம் அக்காவுக்கு இடப்பக்கம்தான் பல்வலி. கேகாலையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டே ருவான்வெல்லையில் நிம்மதியாக மரக்கறி வாங்கினாள்; இப்படி ஒரு வசதி முன்னே கிடைத்ததில்லை என்றாள். நடந்து போனவர்களுக்கும் இதே கதிதான். சந்திக்கு அந்தப் பக்கத்து மலைக்கு இரப்பர் பால் வெட்டப் போனவர்களில் பாதிதான் வந்து சேர்ந்தது என்று கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டார், அரைநாள் சம்பளம்தான். அது நியாயம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், அரைப் பேர் வாங்கியவர்களைத் தவிர.

காரணம் யாருக்கும் தெரியாமலில்லை. இரப்பர் ஸ்டோரில் ரோலர் ஓட்டும் ராஜதுரைக்கு, டோஹாவில் வீட்டு வேலை பார்த்த தம்பி ஒரு விளையாட்டு ரயிலை அனுப்பியிருந்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அலுத்துப்போன ரயில் ராஜதுரைக்கு ஐம்பத்து மூன்று வயதில் அலுக்கவில்லை. வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் இரண்டு பழைய கதவுகளைப் படுக்கப்போட்டு, அதன்மேல் தண்டவாளம் பதித்தார். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பொயிண்ட் என்று பேர். அதன் நாக்கு எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ வண்டி அந்த வழியே போகும். ஒரு வழிக்குக் கேகாலை என்றும் மற்றதற்கு ருவான்வெல்லை என்றும் பெயின்டால் எழுதினார். பெயின்ட் காய்ந்த அன்றிலிருந்து வெளியே சந்தியும் பொயிண்ட் சொன்னபடி கேட்டது. அவர் மனைவி அன்னலட்சுமி, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் தேங்காய் துருவிக்கொண்டே ஒற்றை விரலால் நாக்கைத் தள்ளிவிடுவாள்: ஐந்தரைக்குக் கேகாலை, ஆறுக்குக் கால் மணி இருக்கையில் ருவான்வெல்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளும் பிசகவில்லை. டிரைவர் அந்தச் சந்தியில் ஸ்டியரிங்கைத் திருப்புவதையே விட்டுவிட்டார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பித்தானை அமுக்கினால் பொயிண்ட் தானாக விழ வேண்டும் என்று ராஜதுரைக்கு ஆசை வந்தது. பொயிண்டுக்கு அடியில் ஒரு காந்தச் சுருளைப் பூட்டினார். பூட்டிய பிறகு நாக்கு விரலுக்கு மசியவில்லை. கழற்றலாமென்றால் பசைபோட்டு ஒட்டியாயிற்று. வீட்டில் இருந்த ஒரே பிளக் அடுப்படியில், பொயிண்டோ வாசல் பக்கம். இருபத்தேழு அடிக்கு, கோயில் மணிக்கூண்டில் மிஞ்சிய பெல் வயரை இழுத்தார். கம்பி நீட்டுவது என்றால் நம் ஊரில் ஓடிப்போவது. ராஜதுரை நீட்டிய கம்பியில் ஓடிப்போனது கரண்ட். சுருளுக்குக் கண் சிமிட்டும் நேரம்தான் கரண்ட் வேண்டும், ஆனால் அந்த நேரத்துக்கு அள்ளிக்கொடுக்க வேண்டும். தலைமயிர் போன்ற வயரில் வந்த கரண்ட் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிட்டது, நாக்கும் நடுவில் நின்றது.

மற்ற நாளென்றால் தோட்டம் இதற்கும் பழகியிருக்கும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கேகாலையில் ராஜதுரையின் மகள் சுஜீதாவுக்கு ஆசிரியை நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை இருந்தது. பட்டம் முடித்து ஆறு வருஷமாகக் காத்திருந்தவள். வயதெல்லை அந்த வருஷத்தோடு சரி, இதை விட்டால் இனிக் கிடையாது.

“கையெழுத்துப் போடுற கை ருவான்வெல்லையில நின்னா, கேகாலையில நான் எதாலப்பா கையெழுத்து போடுறது?” என்று கேட்டாள்.

“எடது கையால பழகிக்கம்மா, இன்னும் ஆறு நாள் இருக்கே” என்றார் ராஜதுரை.

அன்னலட்சுமி அகப்பையைக் கீழே வைத்தாள். அவள் அகப்பையைக் கீழே வைத்தால் பேச்சு நீளும் என்று அர்த்தம். “இருபத்தாறு வருஷம் நான் பால் வெட்டுனது புள்ளைய அரையாளா அனுப்பவா?” என்றாள். ராஜதுரை சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு மிச்ச பெல் வயரைத் தேடி எழுந்தார்.

புதன்கிழமை பெல் வயரை இரட்டையாக முறுக்கிக் கட்டினார். நாக்கு முக்கால்வாசி நகர்ந்தது. கேகாலைக்குப் போனவர்களுக்கு வலது கையும் வலது காதும் மட்டும் ருவான்வெல்லையில் இறங்கின; காதுகள் அங்கே மீன்காரனின் கூவலையும் கேட்டுக்கொண்டு வந்தன. போட வேண்டியது மெல்லிசு வயரல்ல, தடித்த வயர் என்று ராஜதுரை ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட நாளைத் தோட்டம் நினைவில் வைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அன்னலட்சுமியே ருவான்வெல்லைக்குப் போனாள்; அவள் இடது கையும் இடது காதும் மட்டும் கேகாலையில் இறங்கின. ஹார்ட்வெயார் கடை அப்துல் ரஸாக் நாநா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். புதிதாக வேலைக்கு வந்த சிங்களப் பெண்தான் கடையில் இருந்தாள். அன்னலட்சுமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் “மஹத வயர்” கேட்டாள். சிங்களத்தில் மஹத என்றால் தடிப்பு. மஹத்தயா என்றால் ஐயா, தோட்டத்தில் மேலாளரான தொரை. அந்தப் பெண்ணின் காதில் மஹத்தயாவின் வயர் என்று விழுந்தது. தொரை பங்களாவுக்கென்று கட்டி ஒதுக்கியிருந்த ஏழு நரம்புச் சிவப்பு வயரை எடுத்து நீட்டினாள். ரஸாக் நாநா திரும்பி வந்து விஷயம் தெரிந்து பதறிப்போய் போன் அடித்தபோது, ராஜதுரை அதை அடுப்படியிலிருந்து வாசல்வரை இழுத்து ஆணியும் அடித்திருந்தார்.

“அது தொரைக்குன்னு எடுத்து வச்ச வயர் தங்கச்சி!” என்றார் நாநா.

“திங்கக்கெழம புள்ள போய் வரட்டும் நாநா, அப்பறம் பேசிக்குவோம்” என்றாள் அன்னலட்சுமி.

திங்கட்கிழமை பித்தானை அமுக்கியவள் அவள்தான். நாக்கு டக்கென்று கேகாலைப் பக்கம் போய் ஒட்டியது. அந்தச் சத்தம் மேல் லயம்வரை கேட்டது. தொரைக்கென்று ஒதுக்கிய வயர் ஆகையால், அதில் வந்த கரண்ட்டுக்குப் பணிந்து வழக்கமில்லை. பஸ் அப்படியே முழுதாகத் திரும்பிப் போனது. சுஜீதா இரண்டு காதோடும் இரண்டு கையோடும் இறங்கி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, வலது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நியமனக் கடிதம் ஏப்ரலில் வந்தது. அன்னலட்சுமி அதை வாசிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் அழுதாள்.

வயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தொரையின் ஜீப்பும் போகும் என்பது நேர்முகப் பரீட்சைக்கு அடுத்த நாளே தெரிந்திருந்தது. பங்களாவிலிருந்து புறப்பட்ட ஜீப், டிரைவர் என்ன செய்தும் கேளாமல் லயத்துக்கு வந்து, ராஜதுரையின் வாசலில் நின்றுகொண்டது. பித்தானை அமுக்கிய பிறகே நகர்ந்தது. தினமும் அப்படித்தான். தொரை இரண்டு கிழமை கோபப்பட்டுப் பார்த்தார். பிறகு அன்னலட்சுமி பெரட்டுக்கு வரத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே முழுப் பேர் என்று கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு கொடுத்தார். இப்போது அவருக்காக வாசலில் ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள், பிளேன்டீயும் உண்டு. கேகாலையில் அவசர வேலை என்று அவர் மணிக்கூட்டைக் காட்டினால், அன்னலட்சுமி பித்தானில் விரலை வைத்தபடி சந்தியைப் பார்ப்பாள்.

“கொஞ்சம் இருங்க தொரை. மொதல்ல டீச்சர் பஸ் போகட்டும்.”

தொரை இருப்பார்.