ஒரு தோள் பேஸ்

பேஸ் கிட்டார் என்றால் அக்காவுக்கு, உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் மரம் ஒரு பக்கம் மட்டுமே குடைந்திருக்க வேண்டும். மேல்தோள் முழுசாக இருந்தால் உடம்போடு ஒட்டி உட்காரும். கீழே உள்ள குடைவில் கை நுழைந்து உச்ச சுரங்களைத் தொடும். கதவில் ஒரு தோளைச் சாய்த்து வம்பு கேட்பவரைப் போல, பார்க்கவும் ஒரு மிடுக்கு. இரு பக்கமும் குடைந்ததை அவள் ‘கொம்பு முளைச்சது’ என்பாள். தம்பிக்கோ அதுதான் பிழைப்பு. கிட்டார் பட்டறையில் இத்தனை வருடமும் அவன் செய்ததெல்லாம் கொம்பு முளைத்தவையே.

இந்த முறை அக்காவுக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் அறுத்தான். அவளுடைய பழைய பேஸின் கழுத்து முறிந்துவிட்டது. சனிக்கிழமை மேடை. அவள் தனியாக வாசிக்கும் பகுதி உச்ச சுரத்தில்தான் முடிகிறது.

சனிக்கிழமை மதியம் புதியதை மாட்டிக்கொண்டு கீழே கையை விட்டாள். மரம் இடித்தது. குடைவு மேலே, அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி திருதிருவென விழித்தான். அறுத்து முடித்த பிறகு, பின்பக்கத்து மர ரேகை அழகாக இருக்கிறதே என்று பலகையைப் புரட்டி அதையே முகமாக்கியிருக்கிறான். கொம்பு இரண்டும் ஒரே அளவு என்றால் எப்படிப் புரட்டினாலும் ஒன்றுதான். கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது.

“கீழயும் குடைஞ்சிடறேன்க்கா, கொஞ்ச நேர வேலைதான்” என்று ரம்பத்தை எடுத்தான்.

“கடைசில எனக்கும் கொம்பு முளைக்க வெக்கப் பாக்கறியா? ரம்பத்தைக் கீழ வைடா.”

மாலையில் அதையே மாட்டிக்கொண்டு மேடையேறினாள். அவன் முதல் வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனி வாசிப்பு மேலே மேலே ஏறியது. விரல்கள் மரத்தில் முட்டவேண்டிய இடம் வந்ததும், அக்கா இடக்கையைக் கழுத்தின் அடியிலிருந்து உருவி, மேல் குடைவு வழியாகப் பூனை பாதம் வைப்பதுபோல் இறக்கி, அந்தக் கடைசி சுரத்தை அழுத்தினாள். அரங்கம் அதிர்ந்தது. அது அவளுடைய பாணி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் பட்டறைக்கு ஒருவர் வந்து மேலே குடைந்த பேஸ் ஒன்று வேண்டும் என்றார். அதை யோசித்துக் கண்டுபிடிக்கத் தனக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று தம்பி விளக்க ஆரம்பித்தான். அக்கா கதவில் ஒரு தோளைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்துடா,” என்றாள். “இவருக்குச் சரியா செஞ்சு தொலைச்சிடாத.”