கவிழ்த்து வைத்த நீலக் கோப்பை

விழுப்புரத்தில் மாசிலாமணிக்குக் குமட்டாத பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அறைக்குப் பின்னால் ஓடாமல் தேங்கிக் கிடக்கும் சாக்கடை, மெஸ்ஸில் இலைக்கு இலை தாவும் ஈ, ஒருநாள் சாம்பாரிலிருந்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்த தலைமயிர், பஸ் ஜன்னல் கம்பியில் காய்ந்து ஒட்டிய வெற்றிலை எச்சில். கம்பியைத் தொட்டுவிட்டால் இறங்கும்வரை அந்தக் கையை யாரோ கொடுத்த பொருள்போலத் தள்ளியே வைத்திருப்பான்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இருபது வயது. அவன் இருந்த மார்மன் சபையில் அந்த வயதுப் பையன்கள் படிப்பையும் வீட்டையும் இரண்டு வருஷம் விட்டுவிட்டு, எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போய் ஊழியம் செய்வது வழக்கம். தமிழ் தெரிந்தவன் என்று 1987இல் அவனை இங்கே அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் 'எல்டர்' என்ற ஊழியப் பட்டத்தோடு கறுப்புப் பெயர் வில்லை. எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அவனுக்கு வாய்த்த கூட்டாளி கண்ணையன், மெட்ராஸ் பெரம்பூர்க்காரன், அதே வயதுக்காரன். எதையும் தின்பான், எங்கேயும் தூங்குவான்.

விடியற்காலையில் எழுந்து முழங்காலிட்டு ஜெபம், பிறகு வேத வாசிப்பு. அதன் பிறகு மாசிலாமணி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தனக்கு வேண்டிய தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி பாட்டிலில் ஊற்றிக்கொள்வான். அம்மா செய்யச் சொல்லி அனுப்பியது. குடிப்பதற்கு மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்று, அதுவும் அம்மா கொடுத்தது. இந்த இரண்டும் இருக்கும்வரை தனக்கு ஒன்றும் வராது என்று அவன் நம்பினான். கர்த்தரையும் நம்பினான். எதை முதலில் நம்பினான் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

பகல் முழுக்க வீடு வீடாகப் போவார்கள்.

"மருந்துக் கம்பெனியா?" என்று கேட்டாள் கீழ்ப்பெரும்பாக்கத்தில் லட்சுமியம்மாள்.

"இல்லைங்கம்மா, ஊழியக்காரங்க."

"இன்னாவோ ஒண்ணு. வெயில்ல வந்துக்கினீங்க, உக்காருங்க, காபி குடிங்க."

"காபி, டீ எல்லாம் நாங்க குடிக்கிறதில்லைங்க."

"காபிகூடக் குடிக்காத சாமியா? அப்ப எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு கூட உங்க கூட்டத்துல நிக்க மாட்டாரு, போங்க!"

தெருவே சிரித்தது. நாலு மாதத்தில் ஒருவரும் சேரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பாஞ்சாலி வந்தாள். வந்தாள் என்பதைவிட, இவன் போய் அவள் முன்னால் விழுந்தான் என்பதே சரி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். உள்ளே கழுவிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"வுடு தம்பி, நல்லா கக்கு. உள்ள வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

மண்ணை வாரிப் போட்டாள், கூட்டித் தள்ளினாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிக்காத. ஊருக்குப் புதுசு, ஒத்துக்காது. மூஞ்சி மட்டும் கழுவிக்க."

மாசிலாமணி அவள் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். அந்தச் சொம்பை வாங்கிக் கண்ணையன் முகம் கழுவினான், மிச்சத்தைக் காலில் ஊற்றிக்கொண்டான், "யக்கா, எந்த ஊரு நீங்க?" என்று பேச்சைத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு ஆறு வாரம், திண்டிவனம் போகும்போதெல்லாம் மதிய ஓய்வில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கேட்டாள். கேள்வி அதிகம் கேட்க மாட்டாள். இயேசு குஷ்டரோகியைக் குணமாக்கிய கதையைச் சொன்ன அன்றுதான் இடைமறித்தாள்.

"கையால தொட்டாரா? மெய்யாலுமா?"

"ஆமா" என்றான் மாசிலாமணி. "தொட்டார்."

"அப்ப ஞாயித்துக்கெழமை வர்றேன்" என்றாள் பாஞ்சாலி.

அந்த வாரம் முழுக்க மாசிலாமணி தரையில் நடக்கவில்லை. ஒரே ஒரு ஆத்துமா. அவள் வந்தால் போதும், இந்தச் சாக்கடை, ஈ, தலைமயிர் எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும். அவளுக்காகத் தினமும் இரண்டு வேளை ஜெபித்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நடந்தது. இன்ஸ்டிடியூட்டை நடத்திய சீனுவாசன் சபையைச் சேர்ந்தவர். உறை போட்ட மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளைப் போடுவார்கள். ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்கள் திருவிருந்துக்குத் திராட்சரசம் கிடையாது, ரொட்டியும் தண்ணீரும்தான். ஜெபித்த பிறகு, தட்டில் சின்னச் சின்ன எவர்சில்வர் தம்ளர்களில் தண்ணீர் சுற்றிவரும். தெருக் குழாய்த் தண்ணீர். அந்தத் தட்டின் ஓரத்தில் மாசிலாமணியின் நீலக் கோப்பையும் இருக்கும், அதில் பாட்டில் தண்ணீர். அதில் தப்பிருப்பதாக அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆசீர்வாதம் எல்லாத் தண்ணீருக்கும்தானே.

பாஞ்சாலி வந்தாள். தலைக்கு எண்ணெய் தடவி, வெளுத்த சேலை கட்டி, கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கண்ணையன் ஜெபம் சொன்னான். மாசிலாமணி தட்டை ஏந்திக்கொண்டு போனான்.

தட்டு அவள் முன்னால் வந்தது. மிச்சமிருந்த எவர்சில்வர் தம்ளர்களை அவள் தொடவில்லை. எது தனியாக இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சமும் சந்தேகப்படாமல் நீலக் கோப்பையை எடுத்து வாயில் வைத்தாள்.

"அது என்னோடது!"

மாசிலாமணிக்கே அது தன் குரல் என்று தெரியவில்லை. அவள் உதடு கோப்பை விளிம்பில் பட்டதைப் பார்த்ததும் பிடுங்குவதற்குக் கை பாதி தூரம் போய்விட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஞ்சாலி எழுந்தாள். "தப்பா நெனைக்காதீங்க சார். தனியா இருந்திச்சி. எனக்கு வச்சதுன்னு நெனச்சிட்டேன்."

படியிறங்கிக் குழாயடிக்குப் போனாள். கோப்பையை மண் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை அலசினாள். கடைசிப் படியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

கூட்டம் எப்படியோ முடிந்தது. திரும்பும் வழியில் கண்ணையன் பஸ் ஸ்டாண்டு டீக்கடை அருகே நின்றான்.

"அங்க பாரு."

கடையின் பக்கச் சுவரில் ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக நசுங்கிய அலுமினிய தம்ளர்கள். ஒரு பெரியவர் ஒன்றை எடுத்து நீட்டினார். கடைக்காரர் எட்ட நின்று உயரத்திலிருந்து டீயை ஊற்றினார். பெரியவர் தள்ளி நின்று குடித்து, தானே கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணாடி கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மாதமாக மாசிலாமணி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 'இங்கே சிலர் குடித்த தம்ளரைத் தாங்களே கழுவி வைக்கிறார்கள், நான் கண்ட ஒரே சுத்தமான பழக்கம் இதுதான்' என்று அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதியிருந்தான்.

"அது யாருக்கு?"

"சேரி சனத்துக்கு."

"எனக்கு நோய் வரக் கூடாதுன்னுதானே நான்..."

"அந்த டீக்கடைக்காரனக் கேளேன்" என்றான் கண்ணையன். "அவனும் ஒரு காரணம் வச்சிருப்பான்."

அன்று வந்த குமட்டல் சாக்கடையாலும் வரவில்லை, ஈயாலும் வரவில்லை. தொட்டார் என்று சொன்ன அதே வாய்தான் 'அது என்னோடது' என்று கத்தியது. கைக்குட்டையால் எத்தனை தடவை துடைத்தும் வாயில் அந்தக் கசப்பு போகவில்லை.

செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். பாஞ்சாலி உள்ளே இருந்தாள். மாசிலாமணி வாசலில் நின்று கூப்பிடலாமா என்று யோசித்தான். பிறகு உள்ளே போனான். ஃபினாயிலையும் மீறிய நாற்றம் கண்ணைக் கரித்தது. பளபளத்த ஷூவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நின்றான். கையில் நீலக் கோப்பை.

"அக்கா, இதை உடைச்சிப் போட்டுடறேன். இனிமே நானும் குழாய்த் தண்ணிதான் குடிப்பேன்."

அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "குடிச்சிட்டு? மறுபடியும் இங்கியே வந்து கக்குவீங்க. நாந்தான வாரணும்?"

வாசலில் கண்ணையன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"காச்சிக் குடிக்கிறது தப்புன்னு யாரு சொன்னாங்க சார்? போன மழையில எங்க தெருவுல ரெண்டு புள்ளைங்க பேதியில போயிடிச்சி. ஒண்ணு எங்க அண்ணன் பேத்தி. எங்களுக்கு மட்டும் வவுறு இரும்பாலயா அடிச்சி வச்சிருக்குது? எல்லாருக்கும் சேத்துக் காச்சணும்னு உங்களுக்குத் தோணலியே. கோப்பைய ஏன் உடைக்கிறீங்க, அது இன்னா பண்ணிச்சி?"

மாசிலாமணி ஐந்து மாதமாக ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்த கண்ணையனுக்குக்கூட ஒரு தம்ளர் கொதிக்கவைத்ததில்லை.

"தோணல, அக்கா" என்றான். "இனிமே எல்லாருக்கும் சேர்த்துக் காய்ச்சறேன். ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா?"

"பாப்பம் சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஸ்டவ்வைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். முண்டியம்பாக்கம் வருவதற்குள் மண்ணெண்ணெய் நாற்றம் பரவி, கண்டக்டர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"டை கட்டிக்கினு ஸ்டவ்வத் தூக்கினு எங்க சார்? கல்யாண சமையலா? இறங்கு கீழ!"

கண்ணையன் கெஞ்சினான். எண்ணெயைக் கீழே கொட்டிவிட்டு ஏறினால் சரி என்றார் கண்டக்டர். அடியில் கொஞ்சம் விட்டுவைத்துக் கொட்டினார்கள். இன்ஸ்டிடியூட் படியில் பெரிய குண்டானை வைத்துப் பற்றவைத்தான். தண்ணீர் லேசாக முணுமுணுக்கத் தொடங்கியபோது ஸ்டவ் அணைந்துவிட்டது. எண்ணெய் தீர்ந்துபோயிற்று.

சீனுவாசன் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்டர், ஆரம்பிக்கலாமா? நேரமாவுது."

"கொஞ்சம் பொறுங்க" என்றான் மாசிலாமணி. தெருக்கோடியில் யாரும் இல்லை. கரி படிந்த விரல்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பாஞ்சாலி எதிர்ச் சந்திலிருந்து வந்தாள். தலையில் சும்மாட்டின் மேல் ஒரு அலுமினியப் பானை, மூடிய தட்டின் ஓரத்தில் ஆவி. இறக்கி வைத்தாள். அவனுடைய குண்டானில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது காஞ்சதே இல்ல. கோழிகூட குளிக்காது" என்றாள். "எனக்குத் தெரியும், உனக்கு இதெல்லாம் வராதுன்னு. இத்தக் கொட்டிட்டு என்னுதை ஊத்து."

நீலக் கோப்பையால் மொண்டு மொண்டு எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றினான். ஒன்பது தம்ளர், எல்லாம் ஒரே மாதிரி. தண்ணீரில் விறகுப் புகை வாடை அடித்தது. ஒரு துளிச் சாம்பலும் மிதந்தது. அதை எடுத்தெறிய அவன் விரல் தானாகப் போனது உண்மை. அது ஒரு வாரத்தில் போகிற பழக்கமா?

கண்ணையன் ஜெபம் சொன்னான். தட்டு கடைசி நாற்காலிக்கு வந்தது. பாஞ்சாலியின் கை தட்டின் மேல் நின்றது. எது தனியானது என்று கண் தேடியது. இல்லை. கிட்டத்தில் இருந்த தம்ளரை எடுத்துக் குடித்தாள்.

மிஞ்சியிருந்த ஒரே தம்ளரை மாசிலாமணி எடுத்தான்.

"இன்னும் சுடுது தம்பி" என்றாள் அவள், மெல்லிய குரலில். "ஊதிக் குடி."