விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவர் விரிசல் விட்டிருந்தது. சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் விரிசல் விடாத சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஒருநாள் மண் ஆராய்ச்சி ஆபீசர் இராஜமாணிக்கம் ஜீப்பில் வந்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்துப் பதித்தார். மானேஜரிடம் இங்கிலீஷில் வெகுநேரம் விளக்கினார். மானேஜர் சூப்பர்வைசர் சபாபதியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். சபாபதி ஜனங்களிடம் சொன்னது ஒன்றுதான்.

"அந்தக் கண்ணாடி உடைஞ்சுதுன்னா, உடைச்ச ஆளுக்கு வேலை இல்லை."

எஸ்டேட்டில் எதுவும் இப்படித்தான். மேலிருந்து கீழே வருவதற்குள் சத்தெல்லாம் வடிந்து, மிரட்டல் மட்டும் வந்து சேரும். வேலை போனால் வீடும் போகும் என்பது கொழுந்து பறிக்கும் வீரம்மாவுக்குத் தெரியாதா என்ன. அவளுடைய ஆடு அந்தச் சுவர் மேல்தான் ஏறித் திரியும்.

ஆடி மழை பிடித்ததும் ஒருநாள் கண்ணாடி இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. ஆடுதான் மிதித்து உடைத்திருக்கும் என்று நினைத்தாள் வீரம்மா. ஆட்டைக் கட்டிவைத்து நாலு சாத்து சாத்தினாள்.

"அதை அடிச்சு என்ன பண்றது, விடு," என்றான் புருஷன் லிங்கசாமி. கல்யாணப் போட்டோவின் கண்ணாடியைக் கழற்றி, கூடலூர்க் கடையில் அதே அளவுக்கு அறுத்து வாங்கி வந்து, ஆள் பார்க்காத நேரத்தில் அச்சு அசலாகப் பதித்துவிட்டான்.

அடுத்த முறை வந்த இராஜமாணிக்கம் குடையோடு குனிந்து பார்த்தார். முகம் தெளிந்தது. தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். வீரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மழை விடவில்லை. ஒரு காலையில் கண்ணாடி மறுபடி உடைந்திருந்தது.

"ஏனுங்க, ஆடு கட்டித்தானுங்க கெடக்குது?"

காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்த லிங்கசாமி, "யாராவது பசங்க உடைச்சிருக்கும். சாயங்காலம் ஒட்டிக்கலாம். நீ நேரத்துக்குப் போ," என்றான். அவளுக்கு மனசு என்னவோ செய்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஆட்டை வீணாக அடித்தோமே என்று அதை அவிழ்த்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

மதியம் சுவரோடு சேர்ந்து மலை இறங்கியது. மண் மூடியது அவள் வீட்டைத்தான்.

லிங்கசாமியின் உடலைத் தோண்டி எடுத்த பிறகு இராஜமாணிக்கம் வந்தார்.

"கண்ணாடி உடையவே இல்லீங்களாம்மா?"

கோபி ஊர்ப் பக்கத்துப் பேச்சு. அவள் அம்மா வீட்டில் பேசுகிற அதே பேச்சு. இவர் இப்படிப் பேசுவார் என்றே அவளுக்கு அதுவரை தெரியாது.

"உடைஞ்சுதுங்க. நாங்கதான் வேற ஒட்டினோம்."

அவர், "சுவர் நகந்தாத்தானுங்கம்மா அது உடையும். உடைஞ்சா எல்லாரும் ஊட்டை விட்டு வெளிய போயிரோணும். அதுக்குத்தான் வெச்சது," என்றார்.

ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அவளுக்கும் உடனே விளங்கிவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

"இதை அன்னைக்கே எங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

"மானேஜர்கிட்டச் சொன்னனுங்க."

ஆடு மண்மேட்டின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட வீரம்மா எழுந்திருக்கவில்லை.