ஆகஸ்ட் பதினாறு, வியாழன்

பள்ளிக்கூடத்தின் கேட் பூட்டிக் கிடந்தது. பாலகுரு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மணி ஏழு நாற்பது. இன்னும் கால் மணியில் கொக்கு பார்க் முனைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். மகள் சுவேதா சீருடையும் ஷூவுமாக, கழுத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பூட்டிய கேட்டைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

வாயில் பிரஷ்ஷோடு வாட்ச்மேன் கலியமூர்த்தி உள்ளேயிருந்து வந்தார். நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இன்னிக்கி லீவு சார். ஆகஸ்ட் பதினாறு."

"லீவு நேத்துதான?"

"நேத்து வெள்ளக்காரன் போனதுக்கு. இன்னிக்கி பிரெஞ்சுக்காரன் நம்மள இந்தியாவுக்கு எழுதிக் குடுத்ததுக்கு. சாரு புதுச்சேரிதான?"

புதுச்சேரிதான். பாகூரில் பிறந்தவன். இந்த விடுமுறையில் பம்புசெட்டுக் குளியல் போட்டு வளர்ந்தவன். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து மாத்திரை கம்பெனியில் சேர்ந்த பிறகும், கம்பெனி புதுச்சேரிக்குள்ளேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்தவரை, இந்த நாள் அவனுக்கும் விடுமுறைதான். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி எல்லையைத் தாண்டிக் கிளியனூர்ப் பக்கம் போய்விட்டது. அது தமிழ்நாடு. அங்கே இன்றைக்கு வெறும் வியாழக்கிழமை. அதன் பிறகு இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது மனைவி கண்ணகியின் பொறுப்பாயிற்று. அவள் புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் விடுமுறை வரும்.

கண்ணகி போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் அவள் இல்லை.

அவன் சுவேதாவின் பையைத் திறந்து டயரியை எடுத்தான். பதினான்காம் தேதிப் பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: வியாழன் விடுமுறை. அதன் கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அவனுடைய கையெழுத்து தெளிவாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும். நீ ட்ரெஸ் போட்டு விட்டியா, அதான் ஒண்ணும் சொல்லல."

கண்ணகியின் அக்கா கமலவேணி புதுச்சேரியிலேயே கதிர்காமத்தில் இருக்கிறாள். தினமும் மூன்றரை மணிக்குச் சுவேதாவைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய், அவன் வரும்வரை வைத்துக்கொள்வது அவள்தான். ஆனால் வீட்டோடு நேற்றுத் திருப்பதி கிளம்பிவிட்டாள். வியாழக்கிழமை லீவு போட்டுடு தம்பி என்று அவள் சொன்னதும், தான் சரிக்கா என்று சொன்னதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. இந்த எட்டு மாதமாக அவன் எல்லோருக்கும் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். லீவோ ஒருநாள்கூட மிச்சமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

பஸ்ஸில் அவனோடு நாலு பேர். நாற்பது பேர் வந்த பஸ் இது. கம்பெனி போன புதிதில் எல்லாரும் புதுச்சேரியிலிருந்துதான் போய் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திண்டிவனத்துக்கும் கிளியனூருக்கும் குடிபோனார்கள். நாலு பேருக்கு ஒரு பஸ் ஓட்ட முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. செப்டம்பர் ஒன்றாம் தேதி முதல் பஸ் இல்லை.

பஸ் இல்லையென்றால் ரூட் பஸ்ஸில் மாறி மாறிப் போக வேண்டும். பிள்ளை எழுந்திருக்குமுன் கிளம்பி, தூங்கிய பிறகு திரும்ப வேண்டும். வேண்டாமென்றால் அந்தப் பக்கம் குடிபோக வேண்டும். அங்கே பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இதற்குக் கமலவேணி ஒரு வழி சொல்லியிருந்தாள். அவன் கிளியனூரில் வீடு பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளை தன்னிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

"நான் என் தங்கச்சி புள்ளய வேணாம்னு சொல்லுவனா? எனக்கு ரெண்டும் பையனாப் போச்சு. அதோட, எல்லையத் தாண்டிக் கூட்டிப் போயிட்டீன்னா இந்த ஊரு கோட்டால அதுக்கு நாளைக்கி டாக்டர் சீட்டு கெடைக்குமா? அஞ்சு வருஷம் தொடர்ச்சியா குடியிருந்ததுக்குச் சர்டிபிகேட் கேப்பாங்க தம்பி."

அதற்கும் அவன் சரிக்கா என்றுதான் சொல்லியிருந்தான். பிள்ளைக்கு ஆறு வயது.

புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் அவன் குடியிருக்கும் மாடிக்கு வீட்டுக்காரர் முசே ஆலேன்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து பென்ஷன் வாங்குபவர். மகள் கரீன் டிசம்பரில் பிரான்சிலிருந்து வருகிறாள், மாடி காலியாகுமா ஆகாதா என்று திங்கட்கிழமைக்குள் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றதற்குக் கேலி செய்தார்.

"ஒரு மாநிலம் மாத்தறதுக்கு இவ்ளோ யோசன. எங்கப்பா நாட்டையே மாத்தினாரு. பிரெஞ்சுக்காரன் போறப்ப, பிரெஞ்சு குடிமகனாவே இருக்கறவன் வந்து எழுதிக் குடுன்னு ஆறு மாசம் டயம் குடுத்தான். கடைசி நாளு சாயந்தரம் போயி கையெழுத்துப் போட்டாரு. கூடப் போன எங்க சித்தப்பா கியூவப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டாரு. அவரு இந்தியன். அவ்ளோதான்."

கோரிமேட்டில் எல்லை வந்தது. பஸ் மெதுவாகித் தாண்டியது. ரோட்டோரம் பிள்ளைகள் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுவேதா ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இவங்களுக்கெல்லாம் லீவு இல்லியா?"

"இல்ல. இது தமிழ்நாடு."

அவள் அதைப் பற்றி யோசிப்பது தெரிந்தது.

அவன் வேலை செய்யும் லேபுக்குள் பிள்ளையை விட முடியாது. மேனேஜர் ஜானகிராமன் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தன் அறையில் ஒரு நாற்காலி போட்டு, அச்சுப் பிழையான லேபிள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் அவள் மத்தியானம்வரை வீடுகள் வரைந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கிளியனூரில் வீடு பார்க்கப் போவதாக முன்பே ஏற்பாடு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனான். ஒரு அறை, சமையலறை, பின்னால் கிணறு. வீட்டுக்கார அம்மாள் சாவியைத் திருப்பிக்கொண்டே சுவேதாவின் சீருடையைப் பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் பிள்ளையை இங்கே எதற்குக் கூட்டி வந்தான் என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல இன்னிக்கி லீவுங்க."

"அப்படி ஒரு ஊரா?" என்றாள் அவள். வீட்டில் எத்தனை பேர் என்று அடுத்து கேட்டாள். ஒருத்தர் என்றான். அதைச் சொல்லும்போது சுவேதா அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

திரும்பி நடக்கையில் சுவேதா கேட்டாள்.

"அப்பா, நீ மட்டும்தான இங்க வர்ற?"

"யாரு சொன்னா?"

"பெரியம்மா. எனக்குக் கட்டில் வாங்கியாச்சு. ரோஸ் கலரு." கொஞ்ச தூரம் நடந்தாள். "அப்ப எனக்கு லீவு விட்டா உனக்கு வேல இருக்கும். இங்க வேற என்னிக்காச்சும் லீவு விட்டா எனக்கு ஸ்கூல் இருக்கும். ஞாயித்துக்கெழம மட்டும்தான் ரெண்டு பேருக்கும் லீவு."

"ஆமா."

"சரி," என்றாள் சுவேதா.

அந்தச் சரி அவனுடைய சரி. அதே குரல், அதே இறக்கம். எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று யோசிக்க வேண்டியதில்லை. வெயில் நடு மண்டையில் இருந்தது. அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். கனத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கி நடக்கும் வழக்கமில்லை. ஆனால் இன்றைக்கு இரண்டாம் முறை.

கம்பெனிக்குள் நுழையும்போது ஜானகிராமன் போனை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் யாரும் இல்லை, மணிதான் அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி போனாலும் குடோன் ஒன்று மட்டும் மேட்டுப்பாளையத்திலேயே இருந்தது. சரக்கெல்லாம் அங்கே போய்த்தான் லாரி ஏறும். அங்கிருந்து ஒரு பேட்ச் விவரம் அவசரமாக வேண்டும். காலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

"அங்க இன்னிக்கி லீவு சார்," என்றான் பாலகுரு. "ஆகஸ்ட் பதினாறு."

ஜானகிராமன் ரிசீவரைப் போட்டார். ஒரே கம்பெனி, அதில் பாதி ஆள் வேலை செய்கிறான், பாதி ஆள் வீட்டில் கறி தின்கிறான் என்று திட்டினார். குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜாங்கம் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு ஒருவன்கூடக் கேட்டு வரவில்லை, யார் தலையில் கட்டுவது என்றும் சேர்த்துப் புலம்பினார்.

பாலகுரு நின்றுகொண்டே இருந்தான். சுவேதா நாற்காலியில் ஏறி மறுபடி லேபிளை எடுத்துக்கொண்டாள்.

"என்னா?" என்றார் ஜானகிராமன்.

"குடோனுக்கு நான் போறேன் சார்."

அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"எம்.எஸ்சி. படிச்சிட்டு அட்டப்பொட்டி ஏத்தி எறக்கப் போறியா? யோசிச்சுப் பேசு. உன் எடத்துக்கு நாளைக்கே ஆளப் போட்டுருவேன். அப்புறம் லேபுக்கு வரணும்னா நடக்காது."

"தெரியும் சார்."

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து..." அவர் சட்டென்று நிறுத்தினார். எதிரில் வருபவர் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய பேச்சு, வாயில் வந்துவிட்டது. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"கேட்டுட்டேன் சார்," என்றான் பாலகுரு.

ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி அங்கேயே நின்று எழுதினான். மூன்று வரிதான் வந்தது. ஜானகிராமன் படித்துவிட்டு, காரணம் என்று ஒன்று எழுத வேண்டாமா என்றார். குடும்பக் காரணம் என்று எழுதிக் கொடுத்தான்.

மாலை அவர்கள் சாரத்தில் இறங்கியபோது முசே ஆலேன் கேட்டருகே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அலோர்?" என்றார். அப்புறம் என்று அர்த்தம். தினமும் கேட்பதுதான்.

"காலி பண்ணல முசே. வேலையத்தான் மாத்திக்கிட்டேன். மேட்டுப்பாளையம் குடோனு."

ஆலேன் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினார். மாடியை அண்ணாந்து பார்த்தார். கரீனுக்கு எங்கே அறை போடுவது என்று கணக்குப் போடுகிறார் போலிருந்தது.

"கியூவப் பாத்துட்டுத் திரும்பிட்ட. எங்க சித்தப்பா மாதிரி."

"அவரு அப்புறம் வருத்தப்பட்டாரா?"

"தெனமும். சாயந்தரத்துல, ஒரு அர மணி நேரம்." அவர் குழாயை விட்டார். "அதுக்கு மேல அவரு வருத்தப்பட்டு நான் பாத்ததில்ல."

மாடியில் சுவேதா ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தாள். சீருடை கசங்கி, லேபிள் மை ஒட்டியிருந்தது. நாளைக்கு அதே சீருடை வேண்டும், துவைத்துப் போட வேண்டும். நாளைக்குக் கமலவேணி திருப்பதியிலிருந்து வந்தவுடன் அவளிடம் சொல்ல வேண்டும். அது லேசான வேலை இல்லை.

"பெரியம்மா கட்டில் வாங்கிட்டாங்களே," என்றாள் சுவேதா. அவளும் அதையேதான் யோசித்திருக்கிறாள்.

"மத்தியானம் அதுல தூங்கு. நான் அஞ்சரைக்கு வந்து கூட்டிக்கறேன்."

"அஞ்சரைக்கா?"

"அஞ்சரை."

அவள் போய்ச் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்று முட்கள் அப்போது எங்கே இருக்கும் என்று கேட்டாள். காட்டினான்.

பிறகு சீருடையை ஊறப்போட்டுவிட்டு, டயரியை எடுத்துவைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தான். நகம் வெட்டவும். கலர் பென்சில் கொண்டுவரவும். சுவேதா வகுப்பில் பேசுவதில்லை, பெற்றோர் வந்து பார்க்கவும். இது ஜூலை ஒன்பதாம் தேதி. எல்லாவற்றுக்கும் கீழே அவனுடைய கையெழுத்து இருந்தது. கண்ணகியின் கையெழுத்து ஒன்றுகூட இல்லையே என்று தேடியவன், இது ஜூனில் கொடுத்த டயரி என்பதை நினைத்துக்கொண்டான். இந்த வருடத்து டயரியில் அவள் இருக்க முடியாது.

கடைசிப் பக்கத்தில் விடுமுறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தெடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டினான். பிறகு ஜூலை ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதினான்: நாளை வந்து பார்க்கிறேன்.